பசியில்லாத மீனுக்கு என்ன கட்டுவது?

அத்தான் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறார். போன தீபாவளிக்கு சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய சால்மன் ஃப்ளை கொண்டுவந்தார். கொக்கியில் நூலும் முடியும் இறகும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிகள். அப்பா முப்பது வருஷம் பால்மரம் சீவியவர், இப்போது சுங்கை பிளஸ் ஆற்றுப் பக்கம் போய், செம்பனைப் பழத்தைக் கொக்கியில் குத்திப் போட்டுவிட்டு கெலா மீனுக்காகப் பாதி நாள் உட்கார்ந்திருப்பார். ஒரு ஃப்ளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தின்ன என்னப்பா இருக்கு?" என்று கேட்டார்.

சால்மன் விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கெலா செம்பனைப் பழத்தைத் தின்னத்தான் வருகிறது. செபாராவ் சின்ன மீனை விரட்டுவதும் தின்னத்தான். ஆனால் அட்லாண்டிக் சால்மன் கடலில் ஒன்று முதல் மூன்று வருஷம் தின்று கொழுத்து, தான் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும்போது சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. இரைப்பை சுருங்கிவிடும், உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டும். அப்படிப்பட்ட மீன் ஏன் ஃப்ளையைக் கவ்வுகிறது? குஞ்சாக ஆற்றில் பூச்சி தின்ற பழக்கம் எங்கோ மிச்சமிருக்கலாம், தன் இடத்துக்குள் நுழைந்ததைத் துரத்தும் கோபமாக இருக்கலாம், வெறும் ஆவலாகவும் இருக்கலாம். இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. ஆனால் கட்டுபவருக்கு ஒன்று தெளிவு: மீன் என்ன தின்னும் என்று யோசித்துப் பயனில்லை, அந்த நேரத்துத் தண்ணீரில் அதன் கண்ணுக்கு எது படும், எது அதைச் சீண்டும் என்றுதான் யோசிக்க வேண்டும்.

அதனால் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கலங்கல் இரண்டு வகை. ஒன்று பால் கலந்த தே தாரே மாதிரி, மண்துகள் மிதந்து ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. இன்னொன்று பால் சேர்க்காத தே ஓ மாதிரி, நிறம் உண்டு, ஆனால் கண்ணாடி டம்ளருக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியும். ஸ்காட்லாந்தின் சிற்றாறுகள் பல இந்த இரண்டாவது வகை. மலைமேட்டில் மக்காத செடிகள் சேர்ந்த கரிமண் நிலம், நாம் காம்புட் என்று சொல்வதுதான், அதிலிருந்து ஊறி வரும் தண்ணீர் அந்தச் சாயத்தோடு இறங்குகிறது. வட சிலாங்கூர் காம்புட் காட்டுக் கால்வாய்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல. சுத்தமான தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும், ஆழம் போகப் போக எல்லாம் நீலமாகத் தெரியும். தே ஓ தண்ணீரில் தலைகீழ்: நீலமும் ஊதாவும் மேலேயே காணாமல் போய், ஆரஞ்சும் சிவப்பும் கீழே வரை இறங்குகின்றன. அங்கே நீல ஃப்ளை கருப்புத் துண்டாகத்தான் தெரியும், ஆரஞ்சு ஃப்ளையோ அதே நிறத்தில் மின்னும்.

மீனின் கண்ணும் இதற்கேற்ப மாறிக்கொள்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கண்ணின் ஒளி நிறமிகள் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகின்றன. கடலில் இருக்கும்போது சால்மனுக்குப் பெரும்பாலும் ரோடாப்சின், அது சுமார் 500 நானோமீட்டர், நீலப்பச்சை ஒளியில் நன்றாக வேலை செய்யும். ஆற்றுக்கு வரும்போது வைட்டமின் ஏ-யின் இன்னொரு வடிவத்திலிருந்து வரும் போர்ஃபைராப்சின் கூடுகிறது, உணர்திறன் 520-ஐத் தாண்டிச் சிவப்புப் பக்கம் நகர்கிறது. நன்னீர் மீன்களின் கண்ணில் இந்த நிறமியைக் கண்டறிந்தவர் ஜார்ஜ் வால்ட், 1967 மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். ஆக, கரிமண் தண்ணீருக்கு ஆரஞ்சு என்று கிழவர்கள் சொல்லிவந்தது வெறும் நம்பிக்கை இல்லை.

அப்படியென்றால் பெட்டியில் பாதி கருப்பாக இருப்பது ஏன்? மீன் பெரும்பாலும் ஃப்ளையைக் கீழிருந்து பார்க்கிறது. ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலே உள்ள மொத்த வானமும் அதற்குச் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்தப் பிரகாசத்தின் குறுக்கே போகும் பொருளின் நிறம் எடுபடாது, நிழலுருவம்தான் தெரியும். கருப்புக்குத்தான் விளிம்பு பளிச்சென்று இருக்கும். தெளிந்த தண்ணீருக்கும் மாலை மங்கலுக்கும் சின்ன கருப்பு ஃப்ளை எடுப்பது இதனால்தான்.

சிற்றாற்றில் இந்த மாற்றமெல்லாம் ஒரே நாளில் நடந்துவிடும். மழை பெய்து வெள்ளம் ஏறினால்தான் மீன் கடலிலிருந்து உள்ளே வரும், வெள்ளம் வடியும் சில மணி நேரம்தான் நல்ல நேரம். அத்தான் காலையில் ஆரஞ்சும் பொன் இழையும் சேர்ந்த பெரிய ஃப்ளையில் தொடங்கி, தண்ணீர் தெளியத் தெளியச் சிறிதாக்கி, சாயங்காலம் 12-ஆம் நம்பர் கருப்பில் முடிப்பாராம். (கொக்கியில் நம்பர் கூடினால் அளவு குறையும், குழம்ப வேண்டாம்.) வெப்பமும் கணக்கு. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் மந்தமாக அடியில் கிடக்கும், பெரிய ஃப்ளையை ஆழத்தில் மெதுவாக விட வேண்டும். அதற்கு மேல் போனால் மீன் மேலே எழுந்து வரும், சிறியது போதும். 20 டிகிரி தாண்டினால் தூண்டிலை மடக்கி வைப்பதுதான் நியாயம், ஏனென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 டிகிரியில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 11 மில்லிகிராம், 20 டிகிரியில் 9 தான், போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது பிழைக்கச் சிரமப்படும்.

சரி, கட்டுவதற்கு வருவோம். அத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்டோட்ஸ் டெயில் என்ற கருப்பு ஃப்ளை. கொக்கியை இடுக்கியில் பிடித்து, கருப்பு நூலைப் பின்பக்கம் வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இந்த அடித்தளம் இல்லாவிட்டால் மேலே கட்டுவதெல்லாம் வழுக்கிச் சுழலும். வாலுக்கு ஒரு பொன்னிறக் கொண்டை இறகு. அப்புறம் வெள்ளி இழையின் நுனியைக் கட்டி விட்டுவிட்டு, உடம்புக்குக் கருப்புப் பட்டிழையைச் சுற்றி, அதன்மேல் வெள்ளி இழையை நாலைந்து சுற்று இடைவெளி விட்டுக் கொண்டுவர வேண்டும். பளபளப்பு வேண்டும், ஆனால் விட்டு விட்டு. திரும்பும் சின்ன மீன் அப்படித்தான் மின்னும். தொண்டைக்குச் சேவல் கழுத்து இறகு, நான் பக்கத்து வீட்டு நாட்டுச் சேவலிடம் வாங்கினேன். கடைசியாக மேலே கருப்பு அணில் முடி.

இந்த முடியில்தான் எல்லாரும் தவறுகிறோம். நான் முதலில் கட்டியது பெயின்ட் பிரஷ் மாதிரி இருந்தது. முடி அடர்ந்தால் தண்ணீர் அதற்குள் புகாது, மொத்தமும் ஒரே கட்டையாக நகரும். தீக்குச்சி கனத்துக்கும் குறைவாக வைத்தால் ஒவ்வொரு முடியும் தனித்தனியே நெளியும், அந்த நெளிவுதான் உயிர். வேகமான ஓட்டத்துக்கு விறைப்பான முடி, தேங்கலுக்கு நரி முடி போன்ற மென்மையானது. மாற்றிப் போட்டால் மென்மையான முடி ஓட்டத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டு வெறும் குச்சியாகிவிடும்.

பெட்டியில் ஒரு பழைய ஃப்ளையின் கன்னத்தில் மஞ்சள் மெழுகுப் பொட்டு வைத்த இறகு இருந்தது. அது தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. தண்ணீரில் சின்ன மீனின் கண் மாதிரி தெரியும். நம் தோட்டங்களில் செம்பனை ஓரம் மேயும் சிவப்புக் காட்டுக்கோழிக்கு அந்தப் பொட்டு கிடையாது. நம் தாத்தாமார் கப்பலேறிய அதே நாட்டிலிருந்து இந்த இறகும் கட்டுக்கட்டாகப் பிரிட்டனுக்குப் போயிருக்கிறது. இன்று அந்தப் பறவைக்கு இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு, பண்ணையில் வளர்த்ததன் இறகையோ பிளாஸ்டிக் நகலையோதான் பயன்படுத்துகிறார்கள். சால்மனும் குறைந்துவருகிறது. 2023-இல் பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் சேர்த்தார்கள், அதனால் அத்தான் கொக்கியின் முள்ளை நசுக்கிவிட்டுத்தான் கட்டுகிறார்.

போன மாதம் மழை விட்ட மறுநாள், சுங்கை பிளஸ் தே தாரேயிலிருந்து தெளிய ஆரம்பித்த நேரத்தில், ஆரஞ்சு ஒன்று கட்டிக்கொண்டு போனேன். முதல் செபாராவ் முழங்கை நீளம், நடு உடம்பில் அந்தக் கருப்புப் பட்டையோடு துள்ளி வந்தது. அப்பா செம்பனைப் பழத்தைக் கரையில் வைத்துவிட்டு வந்து ஃப்ளையை வாங்கிப் பார்த்தார். "முடி இன்னும் கொஞ்சம் கம்மியா வச்சிருக்கலாம்," என்றார்.