வென்டிலேட்டர் குழாயில் குடியேறும் கிருமிகள்

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு நிமோனியா வந்தால், மெஷின்தான் கிருமியை உள்ளே ஊதிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கிருமி வருவது நோயாளியின் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும்தான். அதற்கு வழி விடுவது மூச்சுக்குழலுக்குள் செலுத்திய பிளாஸ்டிக் குழாய்.

வழக்கமாக நுரையீரலுக்கு நல்ல காவல் உண்டு. புரையேறினால் இருமுகிறோம். மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. குழாயும் மயக்க மருந்தும் சேர்ந்து இந்த இரண்டு காவலையும் முடக்கிவிடுகின்றன. குழாயின் கீழ்முனையைச் சுற்றி, காற்று கசியாமல் அடைக்க ஒரு சின்ன பலூன் இருக்கும். எச்சிலும் சளியும் அதன் மேல் தேங்கி, பலூனின் மடிப்புகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசியும். பலூனை இன்னும் இறுக்கமாக ஊதினால் என்ன? மூச்சுக்குழல் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகிவிடும். அதனால் அதன் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள்தான் வைக்கிறார்கள்.

இதற்கிடையே குழாயின் உட்புறத்தில் பாக்டீரியாக்கள் பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும், குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பது மாதிரி. ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. சேர்ந்தாலும், அடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் மெதுவாகவே வளர்வதால் பல மருந்துகள் அவற்றிடம் எடுபடுவதில்லை. குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்தபின் தொடங்கும் நிமோனியாவையே மருத்துவர்கள் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறார்கள்.

சரி, மருந்துக்கு மசியாத வகைகள் ஏன் இங்கே இவ்வளவு அதிகம்? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் பலரும் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் எடுத்திருப்பார்கள். அது வாயிலும் குடலிலும் இருந்த சாதுவான பாக்டீரியாக்களை அழித்துவிடும். காலியான இடத்தைப் பிடிப்பவை க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்றவை. இவற்றில் அசினெட்டோபாக்டர்தான் பெரிய தலைவலி. கட்டில் கம்பி போன்ற உலர்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கழுவாத கைகள் மூலம் அடுத்த படுக்கைக்குப் போய்விடும். கார்பபெனெம் போன்ற வலுவான மருந்தையும் வெட்டிப்போடும் என்சைம்களைச் சுரக்கும். மருந்து நுழையும் துளைகளைக் குறைத்துக்கொள்ளும். மீறி நுழைந்ததைப் பம்பு வைத்து வெளியே தள்ளும். இதற்கான மரபணுக்களில் பல, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையங்களில் இருப்பதுதான் கொடுமை.

கார்பபெனெம் தோற்றால் கொலிஸ்டின் பக்கம் போகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட பழைய மருந்து அது. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சல்பாக்டம்-டர்லோபாக்டம் கூட்டு மருந்தின் உத்தி வேறு: சல்பாக்டம் அசினெட்டோபாக்டரைக் கொல்லும், அதைச் சிதைக்க வரும் என்சைம்களை டர்லோபாக்டம் அடக்கும்.

ஆனால் புது மருந்தைவிட, தினமும் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்து, முடிந்த அளவு சீக்கிரம் குழாயை எடுப்பதுதான் பெரிய விஷயம் என்பேன். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பதும், பல் துலக்கிவிடுவதும், பலூனுக்கு மேல் தேங்குவதை உறிஞ்சி எடுப்பதும் இதோடு சேர்ந்தவை. அப்புறம், சளிப் பரிசோதனையில் கிருமி வளர்ந்தாலே தொற்று என்று ஆகிவிடாது. குழாயில் வெறுமனே குடியிருக்கும் கிருமியும் அதில் வளரும். காய்ச்சல், எக்ஸ்ரேயில் புதிய நிழல், ஆக்சிஜன் தேவை கூடுவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நிமோனியாதான் என்று உறுதியானாலும், பெரும்பாலானோருக்கு 7 நாள் மருந்து போதும்.