ஒரே காய்ச்சலில் இரண்டு வைரஸ்

காய்ச்சல் 102 டிகிரி. உடம்பெல்லாம் வலி, தலைவலி, குமட்டல். டெங்குவா, கொரோனாவா? முதல் இரண்டு நாளில் ஆளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட எந்த மருத்துவராலும் முடியாது. கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்கு, வாசனை தெரியாமல் போனால் கொரோனா என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணக்கும் கைகொடுக்காது.

அப்படி வருமா என்றால், வரும். டெங்கு கொசு கடித்து வருவது. கொரோனா மூச்சுக்காற்றில் வருவது. ஒன்று உள்ளே இருந்தால் இன்னொன்று வாசலிலேயே நின்றுவிடும் என்று எந்த ஏற்பாடும் உடம்பில் இல்லை. 2020 செப்டம்பரில், அப்போது டெல்லி துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தபோது டெங்குவும் இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கு. அந்நாடு அதுவரை பார்த்திராத எண்ணிக்கை. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டில் எப்படி? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, வீட்டுக்குள்ளும் வீட்டை ஒட்டியும் வாழ்வது. பகல் முழுக்க ஆட்கள் வீட்டிலேயே இருந்தால் அதற்குத் தேடி வந்த விருந்துதான்.

சரி, டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் சிக்கல். 2020 தொடக்கத்தில் அதே சிங்கப்பூரில் இரண்டு நோயாளிகளுக்கு விரைவுப் பரிசோதனைப் பட்டையில் டெங்கு ஆன்டிபாடி, அதாவது அந்த வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், இருப்பதாகக் கோடு விழுந்தது. டெங்கு என்றே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால் இருவருக்கும் இருந்தது கொரோனா. மறுபடி சோதித்ததில் டெங்கு இல்லை. பட்டையில் விழுந்த கோடு பொய். இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே டெங்கு இருந்தும் பட்டை வெறுமையாக இருப்பதும் நடக்கும். ஏனென்றால் உடம்பு முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடி கண்ணில் படும் அளவுக்குச் சேர ஐந்து நாள் போல ஆகும். முதல் நாட்களில் நம்பத்தக்கது, டெங்கு வைரஸ் ரத்தத்தில் கொட்டும் என்எஸ்1 என்ற புரதத்தைத் தேடும் சோதனை. கொரோனாவுக்கு, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்டி-பிசிஆர். ஆக, இரண்டு நோய் இருக்கிறது என்று சொல்ல, இரண்டையும் தனித்தனியாக நேரடியாகப் பிடித்தாக வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருப்பதை வைத்து முடிவு கட்டுவதும் சரிவராது. டெங்குவில் அது அதலபாதாளத்துக்குப் போகும் என்றாலும், கொரோனாவிலும் ஓரளவு குறையத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால், ஒரு சோதனை பாசிட்டிவ் என்றதும் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. காரணம், இந்த இரண்டு நோய்க்கும் வைத்தியம் எதிரெதிர் திசையில் போகிறது.

முதலில் டெங்கு. ரத்த நாளத்தின் உட்சுவரில் சர்க்கரைப் பொருளாலான மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அதே என்எஸ்1 புரதம் இந்தப் பூச்சை அரிக்கிறது. சுவர் கசியத் தொடங்கும். சிவப்பணு உள்ளேயே நிற்க, நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் வெளியே இறங்கும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஊசி போன்ற கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். முந்தாநாள் குழாயில் 40 சதவீத உயரத்துக்கு இருந்த சிவப்பு இன்று 48 ஆகிவிட்டதா? சிவப்பணு கூடவில்லை, பிளாஸ்மா ஒழுகியிருக்கிறது. ஆய்வகமே வேண்டாத ஒரு பழைய சோதனையும் உண்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஒன்று போதும். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் காற்றடித்து ஐந்து நிமிடம் விட்டுப் பிரிப்பார்கள். முன்கையில் ஓர் அங்குலச் சதுரத்துக்குள் பத்தோ அதற்கு மேலோ சிவப்புப் புள்ளி தெரிந்தால் டெங்குவைச் சந்தேகிக்கலாம்.

கொரோனாவும் அதே நாளச் சுவரில்தான் கைவைக்கிறது. ஆனால் அங்கே தொல்லை வேறு: சுவர் அழன்று, ரத்தம் தேவையில்லாமல் உறைய ஆரம்பிக்கும். அதனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பலருக்கு உறைதலைத் தடுக்க ஹெபாரின் ஊசி போடுவார்கள். தட்டணு இருபதாயிரத்தில் நிற்கும் டெங்கு நோயாளிக்கு அதே ஊசியைப் போட்டால்? ரத்தக்கசிவைக் கூப்பிட்டு வரவழைப்பது போலத்தான். டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் அப்படி. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளியை அது காப்பாற்றும் என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது; டெங்குவில் அதனால் பயன் இருப்பதாக நிரூபணமில்லை. இருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தரக்கூடியது பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் பக்கம் டெங்குவில் போகவே கூடாது.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு டிரிப்ஸ். டெங்குவில் ஒழுகிய நீருக்கு ஈடுகட்டாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போய்விடும். கொரோனா நுரையீரலைத் தாக்கியிருந்தால் நீரைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும், கூடினால் மூச்சு முட்டும்.

நாள் கணக்கைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புலப்படும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான், அதாவது நான்கு முதல் ஆறாம் நாளில், பிளாஸ்மா கசிவு உச்சத்துக்குப் போகும். ஒன்றிரண்டு நாளில் சுவர் அடைபட்டு, வெளியே போன நீர் தானாக நாளத்துக்குள் திரும்பும். கொரோனா நிமோனியா முற்றுவது ஏழு முதல் பத்தாம் நாள் வாக்கில். இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கியிருந்தால், டெங்குவின் நீர் திரும்பி வரும் வேளையும் நுரையீரல் திணறத் தொடங்கும் வேளையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நேற்று உயிர் காத்த அதே டிரிப்ஸ் இன்று நுரையீரலுக்குப் பாரம். அதனால்தான் இப்படிப்பட்டவருக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கண்ணாடிக் குழாயையும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். சிவப்பின் உயரம் இறங்க ஆரம்பித்து, ரத்தக்கசிவும் எங்கும் இல்லை, நாடியும் திடமாக இருக்கிறது என்றால், டிரிப்ஸைக் கழற்ற நேரம் வந்துவிட்டது.