கரண்ட் பில்லைக் குப்பை மேட்டில் தேடுவது

ஒரு பெரிய உணவுத் தொழிற்சாலைக்கு எனர்ஜி ஆடிட் (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் ஆய்வு) செய்யப் போனால், முதலில் மொட்டை மாடிக்குத்தான் கூட்டிப்போவார்கள். அங்கே சோலார் பலகைகள் பளபளக்கும். அப்புறம் வரவேற்பறைச் சுவரில் மாட்டிய சான்றிதழ்கள், ஒரு டீ. எல்லாம் முடிந்ததும் "ஸ்கிராப் யார்டு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்பேன். கூட வந்தவர் முகம் லேசாக மாறும். பாய்லரையும் கம்ப்ரசரையும் அளக்க வந்தவனுக்குக் குப்பையில் என்ன வேலை?

வேலை இருக்கிறது. பின்வாசல் வழியாக லாரியில் போகும் ஒவ்வொரு கிலோவும் ஏற்கெனவே நீராவியையும் மின்சாரத்தையும் தின்றுவிட்டுத்தான் போகிறது. அதனால் நான் அங்கிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி நடப்பேன்.

உருளைக்கிழங்கு சிப்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கிழங்கு வேண்டும். ஃப்ரையருக்குள் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். கொதிக்கத் தொடங்கிவிட்ட ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி செலவு. லைன் தொடக்கத்திலேயே அழுகிய கிழங்கைப் பொறுக்கி எறிந்தால் கிழங்கு விலையோடு போயிற்று. அதே கிழங்கு சீவி, பொரித்து, மசாலா தூவி, பாக்கெட்டில் ஏறிய பிறகு குப்பைக்குப் போனால் அத்தனை செலவும் கூடவே போகிறது. யார்டில் இருக்கும் எடை மேடைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லாம் கிலோதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நொறுக்குத் தீனி ஆலையில் யார்டு முழுக்க மூட்டைகள். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'லீக்கர்', அதாவது சீல் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகள். பதிவேட்டைப் புரட்டினால் பகலைவிட இரவு ஷிப்டில்தான் அதிகம். "நைட் பசங்க தூங்கிடுறாங்க சார்" என்றார் மேனேஜர். பழியைச் சுமத்த இரவு ஷிப்டைவிட வசதியான இடம் எந்த ஆலையிலும் கிடையாது.

அன்று இரவு அங்கேயே இருந்தேன். கழுவுவதற்காக லைனை நிறுத்தியதும் மெஷின் இரைச்சல் அடங்கியது. அப்போதுதான் காதில் விழுந்தது, தலைக்கு மேலே போகும் காற்றுக் குழாயிலிருந்து ஒரு 'உஸ்ஸ்'. மெஷின்களை இயக்கும் அழுத்தக் காற்றுக்காகப் பகலில் இரண்டு கம்ப்ரசர் ஓடும். இரவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒன்றை நிறுத்திவிடுவார்கள். குழாய் நெடுகக் கசிவு. ஒற்றைக் கம்ப்ரசரால் ஈடுகொடுக்க முடியாமல், கடைசியில் இருக்கும் பேக்கிங் மெஷினில் காற்றழுத்தம் குறைகிறது, சீல் செய்யும் தாடை அரைகுறையாகக் கடிக்கிறது, பாக்கெட் ஒட்டுவதில்லை. இரவுப் பையன்கள் தூங்கவில்லை, பாவம். தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருந்தார்கள்: கம்ப்ரசரின் அழுத்த செட்டிங்கை ஆறரை பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஏழரைக்கு ஏற்றியிருந்தார்கள். ஒரு பார் ஏற்றினால் கம்ப்ரசர் ஆறேழு சதவீதம் அதிகம் மின்சாரம் இழுக்கும். அழுத்தம் ஏற ஏறக் கசிவும் கூடும்.

ஏழு பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோவாட்டைக் காற்றில் விடுகிறது. வருடத்துக்கு 300 நாள், 24 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 21,600 யூனிட். ஒரே ஓட்டைக்கு! சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு ஏணியில் ஏறிப் பார்த்ததில் பத்துப் பதினைந்து இடங்களில் நுரை பொங்கியது. இணைப்பை இறுக்கி, டெஃப்லான் டேப் சுற்றி, பழைய ஹோஸை மாற்றினோம். மூட்டைகள் குறைந்தன. அதற்கு முன் புதிய பேக்கிங் மெஷின் வாங்கக் கொட்டேஷன் கேட்டிருந்தார்களாம்.

லீக்கரின் இன்னொரு தொல்லை, அது எந்தக் கழிவிலும் சேராது. தனியாகக் கிடக்கும் சிப்ஸ் தூளை மாட்டுத்தீவனக்காரர் வாங்குவார் (உப்பும் எண்ணெயும் இருப்பதால் அவரும் அளவாகத்தான் கலக்க வேண்டும்). கிழங்குத் தோல் பயோகேஸ் தொட்டிக்குப் போகும். உள்ளே சிப்ஸோடு இருக்கும் பாக்கெட்டை யார் வாங்குவார்? உள்புறம் மினுமினுக்கும் அந்தப் பல அடுக்குப் பிளாஸ்டிக்கைக் காயலான் கடைக்காரர் தொடவே மாட்டார். அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் பெரும்பாலும் சிமென்ட் சூளையில் எரிபொருளாகத்தான் முடியும். 2022-இல் வந்த விதிகள்படி, சந்தைக்கு அனுப்பும் பாக்கெட் பிளாஸ்டிக்குக்கு நிறுவனமே பொறுப்பு. நடைமுறையில் பலரும் மறுசுழற்சி செய்பவர்களிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் ரிஜெக்ட் விழும் மெஷின் பக்கத்திலேயே இரண்டு கூடை வைத்து, சிப்ஸை ஒன்றிலும் ஃபிலிமை இன்னொன்றிலும் அப்போதே பிரிக்கச் சொல்லுங்கள் என்றால், "ஆள் இல்லை" என்கிறார்கள். யார்டில் பிரிக்க மட்டும் நான்கு பேர் இருக்கிறார்கள்.

எண்ணெயைப் பற்றியும் ஒன்று. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் இதுதான் விதி. கழித்த எண்ணெய் பயோடீசலுக்குப் போக வேண்டும். டிரம்மை ஏற்றிப்போவது யார், எங்கே போகிறது என்று ரசீதோடு கேளுங்கள். கேட்காவிட்டால் தெருமுனை வடைச் சட்டிக்கே அது திரும்பி வரலாம்.

தண்ணீர் விஷயத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், காசா கிராண்டே ஊரிலிருக்கும் ஃப்ரிட்டோ-லே ஆலையை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவேன். பயன்படுத்தும் நீரில் முக்கால் பங்கு வரை சுத்திகரித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. நம் ஆலைகளிலோ சீவிய கிழங்கைக் கழுவும் தண்ணீரில் போகும் மாவையே பலர் பிடிப்பதில்லை. அது சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போய், அதைச் சிதைக்கக் காற்று ஊதும் ப்ளோயர் இரவும் பகலும் ஓடுகிறது. விற்கக்கூடிய ஸ்டார்ச்சை மின்சாரம் கொடுத்து அழிக்கிறோம்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய ஆலைக்கு மறுபடி போனேன். யார்டில் மூட்டைகள் பழையபடி ஏறத் தொடங்கியிருந்தன. கம்ப்ரசர் அறையில் செட்டிங் 7.3.

"நைட்ல லீக்கர் வருதுன்னு ஏத்தினோம் சார்" என்றார் ஆபரேட்டர்.

"அந்த சோப்புத் தண்ணி பாட்டில் எங்கண்ணே?"

ஸ்டோரில் கேட்டு எடுத்துவரப் போனார். நான் ஏணியைத் தேடினேன்.