மக்கோத்தோ: 'நேர்மையன்' வேண்டாம், 'வாய்மை' போதும்

ஜப்பானியத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்களும் சரி, குழந்தைப் பெயர்ப் பட்டியல் தொகுக்கிறவர்களும் சரி, மக்கோத்தோ என்ற ஜப்பானியப் பெயருக்கு 'நேர்மையானவன்' என்றே பொருள் எழுதுகிறார்கள். போன வாரம் கண்ணில் பட்ட ஒரு பட்டியலில் 'நேர்மையன்' என்று புதுச்சொல்லே படைத்துவிட்டார்கள். இதற்கு மேலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொற்பிறப்பு எளிதுதான். முன்பகுதி 'ம', அதாவது மெய்யான. பின்பகுதி 'கொத்தோ'. அதற்குச் சொல் என்றும் பொருள், நிகழ்வு என்றும் பொருள். இரண்டும் ஒரே வேர் என்பார்கள். இந்தப் பெயரை எழுத ஜப்பானியத்தில் எழுத்துகள் பல. 1932இல் பிரதமரான சைத்தோ மக்கோத்தோவின் பெயரில் இருப்பது கனியைக் குறிக்கும் எழுத்து. 2008இல் இயற்பியல் நோபல் பெற்ற கொபயாஷி மக்கோத்தோவின் பெயரில் இருப்பது வேறு. அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: இடப்பக்கம் 'சொல்', வலப்பக்கம் 'ஆகு, நிறைவேறு'. வலப்பாதி ஒலிக்காகச் சேர்ந்தது, ஆனாலும் சொன்னது நிறைவேறுவது என்று படிக்க அந்த எழுத்து இடம் தருகிறது. 1863இல் கியோத்தோவில் உருவான ஷின்செங்குமி வாள்வீரர்கள் தங்கள் சிவப்புக் கொடியில் எழுதிக்கொண்டதும் இதே ஒற்றை எழுத்துதான்.

இப்போது நேர்மைக்கு வருவோம். நேர் என்பது வளையாமல் இருப்பது. கோடு நேராக இருக்கும், வழி நேராக இருக்கும். அந்தக் கருத்துக்கு ஜப்பானியரிடம் ததாஷி என்று தனிப்பெயரே உண்டு. நேர்மையை மக்கோத்தோவுக்குக் கொடுத்துவிட்டால் ததாஷிக்கு எதைக் கொடுப்பது? ஆங்கிலத்தில் கிடைத்த பொருளைப் பார்த்து, கைக்கு வந்த முதல் தமிழ்ச்சொல்லைப் போடுவதால் வரும் வினை இது. மூலத்தில் 'சொல்' உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நம்மிடம் இதற்கென்றே அளந்துவைத்த சொற்கள் இருக்கின்றன. உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்ம்மை என்று பிரித்தவர்கள் நாம். சொல்லோடு ஒட்டியது வாய்மை. கொத்தோவுக்குப் பொருள், நிகழ்வு என்ற அர்த்தமும் உண்டே, 'உண்மை' என்றே பெயர்த்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேச்சில் 'மக்கோத்தோ நி' என்று வரும்போது 'மெய்யாகவே' என்றுதான் நானும் எழுதுவேன். பெயர் என்று வந்தால், அந்த எழுத்தின் இடப்பாதியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த 'அன்' விகுதி எதற்கு? மூலப்பெயரில் ஆண்பால் அடையாளமே கிடையாது, பெண்களும் இந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். அன்பு, அறிவு, எழில் என்று விகுதியில்லாமல் பெயர் வைத்துப் பழகிய நமக்கு 'வாய்மை' என்று கூப்பிடுவதில் என்ன தடை? 'மக்கோட்டோ' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். ஜப்பானியர் நாக்கு பல்லைத் தொட்டுச் சொல்கிற 'த' அது. ஆங்கிலம் வழியாக வந்ததால்தான் 'ட' ஆகிவிட்டது.