மருவைச் சுடும் முன் அது மருதானா என்று பாருங்கள்

"டாக்டர், இந்த மருவைச் சுட்டு எடுத்துவிடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று சொல்லிக்கொண்டே உட்காருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். கன்னத்திலும் கழுத்திலும் பொரிப்பொரியாக வரும் கறுப்பு மருக்கள் ஆபத்தில்லாதவை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும். மரத்துப்போகக் களிம்பு தடவிச் சுட்டுவிடலாம்.

ஆனால் அறுபது வயது விவசாயி ஒருவர் குதிகாலில் கறுப்புத் திட்டோடு வந்தார். முள் குத்திய இடம் என்றே நினைத்திருக்கிறார். யாரோ சொன்னார்களென்று சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து இரண்டு தடவை வைத்திருக்கிறார். தோல் வெந்து, புண் ஆறி, கறுப்பு மறுபடி வந்தது, முன்பைவிட அகலமாக.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கால் தோல் உழுத வயல் மாதிரி, மேடும் பள்ளமுமாக ஓடும். கருமை பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். அவருக்கு மேட்டில் ஓடியது. சதையை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்சியில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது.

"நம்ம கறுப்புத் தோலுக்குப் புற்றுநோய் வராது" என்கிறார்கள். நமக்குக் குறைவுதான், ஆனால் வரும். அதுவும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது இந்த வகைதான். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

அதனால், பெரிதாகிற, நிறம் மாறுகிற, கசிகிற மச்சத்தைப் பார்லரிலோ வீட்டிலோ எரிக்க விடாதீர்கள். எரித்துவிட்டால் பரிசோதிக்கச் சதை மிஞ்சாது, நோயோ அடியில் வளர்ந்துகொண்டே போகும். சந்தேகம் இருந்தால் வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவதுதான் முறை. "அனுப்புவீங்களா?" என்று நீங்களே கேளுங்கள், எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், மருவைச் சுடுவதாக இருந்தால், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காது குத்திய இடம் தடித்து வளர்ந்ததா என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த விவசாயிக்குக் குதிகாலில் அறுவை சிகிச்சை செய்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இப்போது நடக்கிறார். போன முறை மனைவியையும் அழைத்து வந்தார். அந்த அம்மாவின் பாதத்திலும் ஒரு புள்ளி. பார்த்தேன், கருமை பள்ளத்தில்தான் ஓடியது.