மரத்தில் கை வைக்குமுன் வாங்க வேண்டிய அனுமதி

தம் வீட்டு மரத்தை வெட்டியதற்காக அபராத அறிவிப்போடு அலைகிறவர்களை விசாரித்தால், விதியை மீற நினைத்தவர்களைவிட, "இதற்கெல்லாம் அனுமதி எதற்கு?" என்று மரம் வெட்ட வந்தவர் சொன்னதை நம்பியவர்களே அதிகம் தென்படுகிறார்கள். அவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்; அறிவிப்பு வீட்டுக்காரர் பெயருக்கு வரும்.

பல நகரங்களில் அடிமரத்தின் பருமனை வைத்தே அனுமதி தேவையா என்று முடிவு செய்கிறார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். விதி சொல்வது சுற்றளவையா, விட்டத்தையா என்று முதலில் பாருங்கள். நாடாவில் 94 சென்டிமீட்டர் சுற்றளவு காட்டும் மரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் மெலிந்த மரத்துக்கும் அனுமதி தேவைப்படலாம்.

கிளை கழிப்பதுதானே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சிறு கவாத்துக்கு விலக்கு உண்டென்றாலும், உச்சியை மொட்டையடிப்பதையும் பெரிய வேர்களை அறுப்பதையும் மரத்தை அழித்ததாகவே கருதும் விதிகள் உண்டு. பட்ட மரத்துக்கும் பல இடங்களில் அனுமதி வேண்டும். வெட்டிய பிறகு அது பட்டுப்போயிருந்தது என்று நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். மதிலுக்கு வெளியே, சாலையோரம் நிற்பது பெரும்பாலும் நகராட்சியின் மரம். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றியதால் உரிமை வந்துவிடாது. எல்லைக்கோட்டில் நிற்பதற்குப் பக்கத்து வீட்டாரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் வாங்குங்கள்.

அலுவலகத்தில் பூங்காப் பிரிவு சாலைப் பிரிவைக் காட்டும், சாலைப் பிரிவு கட்டடப் பிரிவைக் காட்டும். கடைசியில் யாரோ ஒருவர், அனுப்பிவைத்தால் போதும் என்று, "வெட்டிக்கொள்ளுங்கள்" என்பார். பின்னால் சிக்கல் வந்தால் அந்த வாய்ச்சொல்லுக்கு அவரே பொறுப்பேற்க மாட்டார். ஆகவே அனுமதி தேவையில்லை என்றாலும் அதை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்கு எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். கட்டட அனுமதி கையில் இருப்பதாலேயே மரத்தை வெட்டலாம் என்று ஆகிவிடாது. பதில் வரத் தாமதமாவதும், விதியிலேயே அப்படி எழுதியிருந்தாலொழிய, சம்மதம் ஆகாது. கிடைத்த அனுமதியிலும் காலக்கெடுவையும் மாற்று மரம் நடும் நிபந்தனையையும் படித்த பிறகே ஆளை அழையுங்கள்.

சாய்ந்து விழப்போகும் மரத்துக்குப் பொதுவாக அவசர விலக்கு உண்டு. ஆயினும் வெட்டுமுன் பிளவையும் வேர்ப்பகுதியையும் சாய்வையும் பல கோணங்களில் படமெடுத்து, அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை அடித்துண்டை அப்புறப்படுத்த வேண்டாம்.