எத்தனை மணித்தியாலம் அடிக்க வேணும், சேர்?

போன கிழமை ஒரு பையனின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வகுப்பை அப்படியே நிறுத்தினேன். வயது பதின்மூன்று. வலது மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் வீங்கியிருந்தது. தொட்டாலே முகத்தைச் சுளித்தான். அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. "லீவுதானே சேர், ஒரு நாளைக்கு அஞ்சு மணித்தியாலம் இருத்தி வைக்கிறன்" என்று தகப்பன் பெருமையாகத்தான் சொன்னார். தவணை நடந்த காலம் முழுக்க, வகுப்புக்கு வருகிற அன்று காலையில் மட்டும் மிருதங்கத்தைத் தொட்டவன் இந்தப் பையன்.

இவன் முதல் ஆளும் இல்லை. ஒவ்வொரு பாடசாலை லீவு முடியும்போதும் இப்படி ஒரு கை வந்து சேர்கிறது. ஒவ்வொரு தகப்பனுக்கும் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் முதல் நாள் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று மாதக் கட்டணம். மற்றது, "எத்தனை மணித்தியாலம் அடிக்க வேணும், சேர்?" இப்போது யூடியூப் பார்த்துவிட்டு வேறு வருகிறார்கள். ஒருவர் போனில் கணக்கே போட்டுக் காட்டினார்: பத்தாயிரம் மணித்தியாலம் பயின்றால் வித்துவான், நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் ஒன்பது வருடம் சொச்சம், எட்டு வயதில் தொடங்கினால் உயர்தரப் பரீட்சையோடு முடிந்துவிடும் என்று. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு அது. பேர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. மிகத் திறமையானவர்கள் என்று ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பிள்ளைகள், இருபது வயதுக்குள் தனியே இருந்து செய்த பயிற்சி சராசரியாக 10,000 மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தது. சராசரி. அந்தக் கெட்டிக்காரக் கூட்டத்திலேயே பலர் அந்த எண்ணைத் தொட்டிருக்கவில்லை. பிறகு 2008 இல் மல்கம் கிளாட்வெல் என்ற எழுத்தாளர் தன் நூலில் அதை ஒரு விதி மாதிரி எழுத, உலகம் பிடித்துக்கொண்டது. நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று எரிக்சனே பின்னர் மறுத்து எழுதினார். மறுப்பை யார் வாசிக்கிறார்கள்?

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தப் பிள்ளைகள் ஒரே இருப்பில் இருந்து மாரடிக்கவில்லை. ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை, பிறகு ஓய்வு. பின்னேரத்துக்கு முன் ஒரு குட்டித் தூக்கம். குறைந்த திறமை உள்ளவர்களை விட இவர்கள் கூடுதலாகத் தூங்கினார்கள். இதை மட்டும் எந்தப் பெற்றோரும் எனக்குப் போனில் காட்டியதில்லை.

அசுர சாதகம், அதாவது அசுரத்தனமான பயிற்சி, என்று சொன்னால் இங்கே உடனே யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயர் வரும். 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த அந்தத் தவில் மேதையை உதாரணம் காட்டாத பெரியவர் இல்லை. சரி, காட்டுங்கள். ஆனால் அவர் தவில் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் லயம், கோயிலில் லயம், பக்கத்தில் எப்போதும் திருத்துகிற ஒரு காது. உங்கள் பிள்ளைக்கு அது சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. மீதி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அடிக்கிறது. இரண்டையும் மணிக்கணக்கால் ஒப்பிட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். தினமும் அரை மணித்தியாலம் இருக்கிற பிள்ளைக்குக் கிழமைக்கு மூன்றரை மணித்தியாலம் ஆகிறது. ஞாயிறு மட்டும் மூன்றரை மணித்தியாலம் இருக்கிற பிள்ளைக்கும் அதே கூட்டுத்தொகைதான். முதலாவது பிள்ளையின் கை ஆறு மாதத்தில் தெளிந்துவிடும். இரண்டாவது பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் போன ஞாயிறு விட்ட இடத்துக்கு வந்து சேரவே ஒரு மணித்தியாலம் எடுக்கும், கடைசி மணித்தியாலம் களைப்பில் போகும். ஒரு கிழமைக்குத் தந்த குளிசையை ஒரே வாயில் விழுங்குவது போலத்தான். கை கற்றுக்கொள்வது இரண்டு சாதகத்துக்கு நடுவில் உள்ள இரவில். அது ஏன் என்று இங்கே விளக்கப் போவதில்லை, தயவுசெய்து நம்புங்கள்.

களைத்த கை சும்மா இருப்பதும் இல்லை. பிழையைக் கற்றுக்கொள்கிறது. "நம்" என்ற ஒரே ஒரு மிருதங்கச் சொல்லை, அதாவது ஒரு அடியை, எடுங்கள். மோதிர விரல் வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) உள்ள கருமையின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், ஆட்காட்டி விரல் விளிம்பில் விழுந்தவுடன் எழ வேண்டும். அந்த மோதிர விரல் தோலின் அடிநாதத்தை அடக்குவதால்தான் மேலே உள்ள சுநாதம் மணி போலக் கேட்கிறது. (கரும்பூச்சு இல்லாத மேளங்களில் கிடைக்காத இந்தச் சுநாதம் மிருதங்கத்தின் அந்தக் கரும்பூச்சால்தான் வருகிறது என்று சி.வி. ராமன் 1920 இலேயே எழுதியிருக்கிறார். நோபல் பரிசு அதற்குப் பிறகுதான்.) இருபது நிமிடம் போனதும் ஒன்பது வயதுப் பிள்ளையின் மோதிர விரல் தோலில் அழுந்தத் தொடங்கும். சத்தம் செத்துவிடும். சத்தம் போதவில்லை என்று பிள்ளை பலமாக அடிக்கும். பலமாக அடிக்க ஆட்காட்டி விரல் எழும்பாது, இன்னும் சத்தம் குறையும், இன்னும் பலமாக. கடைசியில் விரலால் வாசிக்க வேண்டியதை மணிக்கட்டால் இடிக்கும். இப்படி மூன்று மணித்தியாலம் இருந்தால் பிழையான "நம்" ஆயிரக்கணக்கில் பதிந்துவிடும். அதைக் கழற்ற எனக்கு ஒரு வருடம் வேண்டும்.

இதில் வாத்தியத்தின் பங்கும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. கொழும்பு ஈரப்பதனில் தோல் தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சுருதி இறங்கின வலந்தலையில் எந்தப் பிள்ளைக்கும் நாதம் வராது. தொப்பியில் (இடது பக்கத் தோலில்) ரவை பூசாமல் "தொம்" தேடுகிற வீடுகளும் இருக்கின்றன. ஒரு பிடி ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போகாது, ஆனால் "சும்மா பிராக்டிஸ்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். ரவை இல்லாத தொப்பி டப்பென்று கேட்கும். பிள்ளை அறைந்து அறைந்து இடது தோள் வரை வலி எடுக்கும். சுருதி சேர்த்து, ரவை பூசி, அப்புறம் பதினைந்து நிமிடம் வாசித்தால் போதும்.

சரி, எவ்வளவுதான் இருக்க வேண்டும்? ஆறு ஏழு வயதுக்குப் பதினைந்து நிமிடம், தினமும். ஒன்பது பத்து வயதுக்கு அரை மணித்தியாலம். பதின்வயதில் ஒரு மணித்தியாலம், காலையும் மாலையும் என்று இரண்டாகப் பிரித்து. கச்சேரிக்கு வாசிக்கப் போகிறேன் என்று தானாகச் சொல்கிற பிள்ளைக்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் வரை போகலாம், ஆனால் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடக்க வேண்டும். கூட்டுவது என்றால் கிழமைக்கு ஐந்து, பத்து நிமிடமாகத்தான் கூட்டலாம். லீவு விட்டதும் ஒன்றை ஐந்தாக்குவது சாதகம் இல்லை, தண்டனை.

அந்த அரை மணித்தியாலத்தில் என்ன செய்வது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதை ஒருவரும் கேட்பதில்லை. தா தீ தொம் நம் என்ற சொற்கள் மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) முதலில். பத்து வருடம் படித்தவனுக்கும் அதுதான் தொடக்கம். போனில் மெட்ரோனோம் போட்டு நிமிடத்துக்கு அறுபதில் வையுங்கள். ஆதி தாளம், முதலாம் காலத்தில் ஒரு அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) ஒரு சொல். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் மூன்றாம் காலத்தில் நாலு சொல் வருகிறபோது எந்தப் பிள்ளையின் கை நொண்டுகிறது என்று இங்கேதான் தெரியும். பெரும்பாலும் இடது கை. நொண்டாமல் மூன்று தடவை வந்தால் மட்டும் நாலு எண் கூட்டுங்கள். நொண்டினால் குறையுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் விரும்பாத ஒரே வசனம் "குறை".

அடுத்தது வாய். புதுப் பாடத்தை முதலில் தாளம் போட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் தோலில் கை வைக்க வேண்டும். ஒரு தீர்மானத்தில் (வாசிப்பை முடித்து வைக்கிற சொற்கட்டில்) "ததிங்கிணதொம்" மூன்று தடவை வருகிறது என்று வையுங்கள். முதல் இரண்டும் ஒழுங்காக இருக்கும். முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் மூன்றாவது ஓடும். சமத்துக்கு (தாளம் தொடங்கும் இடத்துக்கு) முன்பே போய் நிற்கும். கையால் வாசிக்கும்போது பிள்ளைக்கு இது விளங்காது, வேகமாக வாசித்த சந்தோஷம் மட்டும் இருக்கும். தாளம் போட்டு வாயால் சொன்னால் அந்த இடத்தில் தானே தடுக்கிவிடும். வாயில் வராதது கையில் வராது என்று பழைய ஆசிரியர்கள் சொன்னது இதைத்தான். இதற்கு மிருதங்கமே வேண்டாம். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டும் சொல்லலாம், பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், அவ்வளவுதான். தொடர்மாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரர் முறைக்கிறார், பிள்ளை படிக்கிற நேரம் என்கிறார் என்று சாதகத்தையே நிறுத்துகிறவர்களும் இதைச் செய்யலாம். பாதி வேலை சத்தமில்லாமல் முடியும்.

பிறகு பாட்டு. மிருதங்கம் பக்கவாத்தியம் என்பதை அரங்கேற்ற மோகத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம். பதினைந்து நிமிடத் தனி ஆவர்த்தனத்தை (மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதியை) மனப்பாடமாக வாசிக்கிற பிள்ளைக்கு, தங்கச்சி வீணையில் ஒரு வர்ணம் வாசித்தால் அதோடு சேர்ந்து வாசிக்கத் தெரியவில்லை. எங்கே அடங்க வேண்டும், பல்லவி திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று காது பழகவில்லை. கிழமையில் இரண்டு நாளாவது ஒரு பாட்டைப் போட்டோ, வீட்டில் பாடுகிறவரை இருத்தியோ கூட வாசிக்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து மறுநாள் கேட்கச் சொல்லுங்கள், அன்றைக்கே வேண்டாம். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ கச்சேரி இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே போய் போனில் வீடியோ எடுக்காமல் தாளம் போட்டுக் கேட்கிற ஒரு மணித்தியாலத்தை நான் சாதகக் கணக்கில் சேர்ப்பேன்.

வலி விஷயம். விரல் நுனி எரிவதும் தோல் தடிப்பதும் வழமை. மணிக்கட்டு வலி வழமை இல்லை. முழங்கை வலி இல்லை. இரவில் விரல் விறைத்து எழும்புவது சத்தியமாக இல்லை. "வலிக்க வலிக்க அடிச்சாத்தான் கை வரும்" என்று சொல்லுகிற பெரியவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்; அவருக்குப் பிளேன்ரீ கொடுத்து வேறு கதைக்குத் திருப்புங்கள். வலி தொடங்கினால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று நாள் ஓய்விலும் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள், எண்ணெய் தேய்த்து நீவி விட்டு மறுபடி இருத்தாதீர்கள். அந்த நாட்களில் வாயால் சாதகம் தொடரலாம். உட்காரும் விதத்தையும் ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள்: தோள் காதுக்கு ஏறியிருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, பிள்ளைக்குப் பெரிதான தக்குச் சுருதி (கீழ்ச் சுருதி) மிருதங்கத்தை "வளர்ந்தாலும் பாவிக்கலாம்" என்று வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? சப்பாத்தை அப்படி வாங்கலாம், மிருதங்கத்தை வாங்கக் கூடாது.

அரங்கேற்றத் திகதியை ஆசிரியரோடு கதைத்துக் குறியுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, சென்னையில் இருந்து பாடகருக்கு ரிக்கற்றும் போட்டுவிட்டு, "இவனை எப்படியாவது ரெடி பண்ணுங்கோ சேர்" என்று வந்து நிற்காதீர்கள். கை அட்வான்ஸ் வாங்காது.

கடைசியாக, சாதாரண தரப் பரீட்சை வருடம். மிருதங்கத்தை உறை போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறீர்கள். "எக்ஸாம் முடியட்டும் சேர்" என்கிறீர்கள். எனக்கு விளங்காமல் இல்லை. ரியூஷனுக்கும் ரியூஷனுக்கும் நடுவில் பிள்ளைக்குச் சாப்பிடவே நேரமில்லை. ஆனால் முழுதாக நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வருடம் வகுப்புக்கு வராவிட்டால் பரவாயில்லை, கட்டணமும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், தா தீ தொம் நம் மூன்று காலமும் ஒரு தடவை, அவ்வளவுதான். பரீட்சை முடிந்து வருகிறபோது விட்ட இடத்திலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.